‘வைப்பாட்டி’ என்னும் சட்டச் சொல்: சேர்ந்து வாழ்ந்தவர்களின் சொத்துரிமை வரலாறு

ஒரு பெண்ணை எப்போது ‘வைப்பாட்டி’ என்கிறார்கள்? ஒரே கூரையின் கீழ் ஒருவனோடு இருபது ஆண்டுகள் பாடுபட்டு, பிள்ளை பெற்று, அவன் வாங்கிய கடனுக்குத் தானும் கூலி வேலை பார்த்து வட்டி கட்டும்போது பெரும்பாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தெருவுக்கு அவள் அவனுடைய பெண்டாட்டி. மாமியாருக்கு மருமகள். அவன் செத்துக் காரியம் முடிந்து, வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கும் நாளில்தான் அந்தச் சொல் வெளியே வருகிறது. அதுவரை ‘அண்ணி’ என்று கூப்பிட்டவனே தாசில்தார் அலுவலகத்தில் நின்று, “இவங்க எங்க அண்ணனுக்கு முறையா கட்டுனவங்க இல்லைங்க” என்கிறான். களப்பணியில் நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. அந்தச் சொல்லுக்கு எதிரே இருப்பது ஒரு ஓட்டுவீடும் நாற்பது சென்ட் நிலமும்தான். ஆனால் அதை விட்டால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது என்றாலே நகரத்து ஐ.டி. இளைஞர்களின் புதுப்பழக்கம் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். நம்முடைய சேரிகளிலும், உழைக்கும் சாதிகளின் தெருக்களிலும் அய்யர் இல்லாத, அக்கினி இல்லாத, காகிதம் இல்லாத வாழ்க்கைத் துணை தலைமுறை தலைமுறையாக உண்டு. கணவனை இழந்தவளோ கணவனோடு ஒத்துவராதவளோ பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டு இன்னொருவனோடு வாழப் போவதற்கு ‘அறுத்துக்கட்டுதல்’ என்று பெயரே இருக்கிறது. ‘அறுத்துக்கட்டுற சாதி’ என்பது ஒரு வசைச் சொல்லாக இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். பெண்ணுக்கு மறுவாழ்வு கொடுத்த வழக்கத்தையே இழிவின் அடையாளமாக்கியவர்கள்தான் திருமணத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். அந்த இலக்கணம் சட்டமாக மாறியபோது அதற்கு வெளியே வாழ்ந்தவர்களின் சொத்து என்ன ஆனது என்பதுதான் நம் கேள்வி.

வெள்ளைக்காரர்களின் நீதிமன்றங்கள் ‘இந்து சட்டம்’ என்று ஒன்றைத் தர்ம சாஸ்திர உரைகளிலிருந்து தொகுத்தெடுத்தன. தென்னிந்தியாவுக்கு மிதாட்சரம். அதில் திருமணம் இல்லாத உறவில் பிறந்த மகனுக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. தகப்பன் பிராமணன், சத்திரியன், வைசியன் என்ற இருபிறப்பாளனாக இருந்தால் அந்த மகனுக்குச் சொத்தில் பங்கு கிடையாது, ஜீவனாம்சம் மட்டும். தகப்பன் சூத்திரனாக இருந்தால், அவனோடு நிலையாக வாழ்ந்த ‘தாசி’யின் மகனுக்குப் பங்கு உண்டு, முறையான மகன் என்றால் என்ன கிடைத்திருக்குமோ அதில் பாதி. இவனைத் ‘தாசிபுத்திரன்’ என்றது சட்டம். தாசியின் மகளுக்குத் தகப்பன் சொத்தில் ஒன்றும் இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் சூத்திரர்களுக்குத் தாராளம் காட்டியது போலத் தோன்றும். சொத்து எந்தத் திசையில் நகரும் என்று பாருங்கள். மேல்வருண ஆண் கீழே இருக்கும் எந்தப் பெண்ணோடும் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் அவன் நிலம் அவன் குலத்தை விட்டு வெளியே போகாது. கீழ்ச்சாதிப் பெண்ணின் வயிற்றில் பிறந்தவனுக்குச் சோறு போடலாம், நிலம் தரக் கூடாது. சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் சொன்னார். அகமணத்தின் பொருளாதாரப் பக்கத்தை இந்த இரண்டு பதில்களில் காணலாம். அவர்ணர்களான நமக்கோ அந்தச் சாஸ்திரக் கட்டத்தில் ஒரு பெயர்கூட இல்லை.

மகனுக்கு இது. அந்தப் பெண்ணுக்கு? அவளுக்கு ‘அவருத்த ஸ்திரீ’ என்று சமஸ்கிருதத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஒருவனால் காக்கப்பட்டு, அவனுக்கு மட்டுமே உரியவளாக அடைத்து வைக்கப்பட்டவள் என்பது பொருள். அவன் இறந்தபின் அவன் சொத்திலிருந்து ஜீவனாம்சம் கேட்கலாம். அதற்கு என்னென்ன தகுதிகள் வேண்டும் என்று 1926இல் பம்பாயிலிருந்து சென்ற ஒரு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் ஆராய்ந்தது. இறக்கும் வரை இடைவிடாமல் அவனோடு உறவில் இருந்திருக்க வேண்டும். அது ஊரறிந்ததாக இருக்க வேண்டும். அவன் குடும்பத்தில் ஒருத்தி போல நடத்தப்பட்டிருக்க வேண்டும். அவன் செத்த பிறகும் அவன் நினைவுக்கு உண்மையாக இருக்கும் வரைதான் ஜீவனாம்சம் என்பது அந்தக் காலச் சட்டம். உயிரோடு இருந்தபோது மனைவி என்ற தகுதியைத் தராதவனுக்கு, செத்த பிறகும் அவள் கற்பு காட்ட வேண்டும்!

இதே நீதிமன்றங்கள் வேறொரு வழியையும் திறந்துவைத்தன என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள் திருமணம் செய்தவர்கள் என்றே அனுமானிக்க வேண்டும் என்ற விதி. 1869இல் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில், சூத்திரர்களுக்குள் வெவ்வேறு உட்பிரிவைச் சேர்ந்தவர்களின் திருமணம் செல்லும் என்று பிரிவி கவுன்சில் சொன்னது. திருமணம் நடந்தது என்று தெரிந்துவிட்டால் அது சட்டப்படி நடந்ததாகவே கொள்ளலாம் என்றும் சொன்னது. பிறகு 1927இல் இலங்கையிலிருந்து போன ஒரு வழக்கிலும் இதே அனுமானம் உறுதியானது. இன்று இந்திய நீதிமன்றங்கள் சேர்ந்து வாழ்தலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மேற்கோள் காட்டுவது அந்த இலங்கை வழக்கைத்தான்.

ஆனால் இந்த அனுமானத்தில் ஒரு பொறி இருக்கிறது. ‘நீங்கள் திருமணம் செய்யாவிட்டாலும் சேர்ந்து உழைத்தீர்கள், ஆகவே பங்கு உண்டு’ என்று அது சொல்வதில்லை. ‘நீங்கள் திருமணம் செய்திருப்பீர்கள்’ என்று ஊகிக்கிறது. எதிர்த்தரப்பு அந்த ஊகத்தை உடைத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. வருணம் கடந்த இணையருக்கோ ஊகமே எழ முடியாது. அவர்கள் மணம் செய்துகொள்ளவே சட்டம் இடம் தரவில்லை. மேல்வருண ஆணும் கீழ்வருணப் பெண்ணும் என்ற வகையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்றது. கீழ்வருண ஆணும் மேல்வருணப் பெண்ணும் என்றால் எங்குமே செல்லாது. அதாவது ஊரைக் கூட்டித் தாலி கட்டினாலும் அவர்கள் சட்டத்தின் முன் ‘திருமணமாகாத ஜோடி’தான்.

அவர்களுக்கு இருந்த ஒரே வாசல் 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்குள் நுழைய, ‘நான் இந்து அல்ல’ என்று அறிவிக்க வேண்டும். 1923இல் ஹரிசிங் கவுர் கொண்டுவந்த திருத்தம், இந்துவாக இருந்துகொண்டே பதிவு செய்யலாம் என்றது. அதற்கு வைத்த விலையைப் பாருங்கள்: அப்படி மணந்தவர் அந்த நொடியே கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவர் ஆவார். அவர் தகப்பனுக்கு வேறு மகன் இல்லை என்றால், இன்னொருவனைத் தத்து எடுத்துக்கொள்ளவும் சட்டமே அனுமதி தந்தது. மகன் உயிரோடு இருக்கும்போதே அவன் இடத்துக்கு இன்னொரு மகன்! சாதி மறுத்தவனைக் குடும்பம் தலைமுழுகுவதை நாம் ஊர்க் கட்டுப்பாடு என்று நினைக்கிறோம். அது பிரிவு எண்ணோடு சட்டப் புத்தகத்தில் இருந்தது. சாதி வேறு என்பதற்காக மட்டும் இந்துக்களின் திருமணம் செல்லாமல் போகாது என்ற சட்டம் 1949இல்தான் வந்தது. இந்துக்கள் இருவர் சிறப்புச் சட்டத்தில் மணந்தால் கூட்டுக் குடும்பத்திலிருந்து வெட்டப்படுவார்கள் என்ற விதி 1976 திருத்தம் வரை நீடித்தது.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் சுயமரியாதைத் திருமணத்தைப் பார்க்க வேண்டும். 1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னிலையில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்கிறார்கள். அடுத்த ஆண்டு செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இரண்டும் ஒரே போராட்டத்தின் இரண்டு கைகள். புரோகிதரை விலக்கியது சடங்கைப் பற்றிய சண்டை மட்டும் என்று இன்று பலர் எழுதுகிறார்கள். சொத்தை மறந்துவிட்டுச் சொல்லும் வரலாறு அது. புரோகிதர் இல்லாத திருமணத்தை நீதிமன்றம் ஏற்காவிட்டால், மணந்த பெண் யார், பிறந்த பிள்ளை யார் என்ற கேள்வி எழும்.

எழுந்தது. செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் சொத்து வழக்கில், 1950களின் தொடக்கத்தில், சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. தெய்வானை ஆச்சி வழக்கு என்று சட்ட மாணவர்கள் படித்திருப்பார்கள். ஓமம் இல்லை, ஏழடி நடக்கும் சப்தபதி இல்லை. வழக்காறு என்று சொல்லலாம் என்றால் அதற்கும் போதிய பழமை இல்லை. ஒரு வழக்கம் செல்லுபடியாக அது பழையதாக இருக்க வேண்டுமாம்! சாதியை ஒழிக்கப் புதிதாகத் தோன்றிய முறையிடம் போய் ‘உனக்கு ஏன் வயது போதவில்லை’ என்று கேட்பதில் இருக்கும் கொடுமையை யோசித்துப் பாருங்கள். மேடையில் ஆயிரம் பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்ட பெண், தீர்ப்பு நாளில் வைப்பாட்டி ஆனாள். அறுபதுகளின் நடுப்பகுதி வரை சென்னை உயர் நீதிமன்றத்தின் பார்வை மாறவில்லை. எத்தனை குடும்பங்களில் பங்காளிகள் இந்தத் தீர்ப்பைக் காட்டிப் பெண்களை மிரட்டியிருப்பார்கள் என்பது எந்தச் சட்ட அறிக்கையிலும் பதிவாகியிருக்காது.

அண்ணா முதலமைச்சரானதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று 1967இன் இந்து திருமணச் சட்டத் திருத்தம். அதுதான் 7ஏ பிரிவு. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ‘உன்னைத் துணையாக ஏற்கிறேன்’ என்று அறிவித்தால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும், அல்லது மோதிரம் அணிவித்தால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். இத்தனை ‘அல்லது’கள் கொண்ட ஒரு திருமணச் சட்டம் இந்தியாவில் அதுவரை இல்லை. அதைவிட முக்கியம், அந்தத் திருத்தம் பின்னோக்கிச் சென்றது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும், சில விதிவிலக்குகளோடு, நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது. நாற்பது ஆண்டுகளாகச் சட்டத்தின் கண்ணில் ‘சேர்ந்து வாழ்ந்தவர்கள்’ ஆக இருந்தவர்கள், ஒரு கையெழுத்தில் கணவன் மனைவி ஆனார்கள், பிள்ளைகள் வாரிசுகள் ஆனார்கள். ஒரு சட்டமன்றம் நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்கு இடையில் டெல்லியில் நடந்தது வேறு கதை. அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைச் சட்டமாக்க முடியாமல் 1951இல் பதவி விலகினார். பின்னர் 1955இலும் 1956இலும் துண்டு துண்டாக நான்கு சட்டங்கள் வந்தன. ஒருதார மணம், விவாகரத்து, விதவைக்கும் மகளுக்கும் வாரிசுரிமை என்று அவை தந்தவை பெரியவை. அதில் நமக்கு ஐயமில்லை. அதே கையோடு இரண்டு பேர் வெளியே போனார்கள். தாசிபுத்திரனின் பாதிப் பங்கு ஒழிந்தது: திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தாய்க்கு மட்டுமே உறவு என்றது 1956 வாரிசுரிமைச் சட்டம். ‘அவருத்த ஸ்திரீ’யின் ஜீவனாம்சமும் ஒழிந்தது: இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர்கள் யார் என்ற பட்டியலில் அவள் இல்லை. அந்தப் பழைய ஏற்பாட்டை நாம் திரும்பக் கேட்கவில்லை; ‘தாசி’ என்ற சொல்லில் ஆரம்பிக்கும் உரிமை நமக்கு வேண்டாம். ஆனால் ‘மனைவி’யின் உரிமையை உயர்த்திக் கட்டியவர்கள், மனைவி என்ற காகிதம் இல்லாமல் வாழும் உழைக்கும் பெண்களுக்கு வேறு எதையும் வைக்காமல் போனார்கள். பழைய சட்டம் அவளை இழிவாகப் பார்த்துக்கொண்டே கஞ்சி ஊற்றியது. புதுச் சட்டம் அவளைப் பார்க்கவே இல்லை.

பார்க்காததன் விளைவுகள் சீக்கிரமே தெரிந்தன. மகாராட்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 1965இல் உச்ச நீதிமன்றம், முதல் மனைவி இருக்க இரண்டாவதாக மணந்தவன் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. காரணம், இரண்டாவது திருமணத்தில் உரிய சடங்குகள் நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை. சடங்கு இல்லாததால் அவனுக்குச் சிறை இல்லை. அதே சடங்கு இல்லாததால் அவளுக்கு மனைவி என்ற தகுதியும் இல்லை. 1988இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஓர் அடி போனது: முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது மணந்த பெண், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஜீவனாம்சத்துக்குக்கூட ‘மனைவி’ அல்ல.

நம் பெண்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டு மறுமணம் போன பெண்ணுக்கு, சட்டப்படி முதல் திருமணம் இன்னும் முறியவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். வழக்காற்று மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29ஆவது பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அப்படியொரு வழக்காறு தன் சாதியில் தொன்றுதொட்டு இருக்கிறது என்று நிரூபிக்கும் பாரம் அவள் தலையில். எழுத்தே மறுக்கப்பட்ட சமூகம், தன் வழக்கத்துக்கு எழுத்துச் சான்று தேட வேண்டும். ‘அறுத்துக்கட்டுற சாதி’ என்று ஊரே இழித்துப் பேசியது. நீதிமன்றத்துக்கு வந்ததும் அந்த ஊர்க்காரனே ‘இவர்களுக்கு அப்படி வழக்கம் எதுவும் இல்லை’ என்று சாட்சி சொல்வான்.

2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில்தான், ‘திருமணத்தின் தன்மை கொண்ட உறவு’ என்ற சொற்களோடு, காகிதம் இல்லாத பெண் மறுபடி சட்டத்துக்குள் வந்தாள். பாதுகாப்பு கேட்கலாம், பணம் கேட்கலாம், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை கேட்கலாம். அந்த வீட்டில் அவளுக்குச் சொத்துரிமை இருக்கிறதோ இல்லையோ, தங்கலாம் என்று சட்டம் சொல்கிறது. தங்கலாம்; அவ்வளவுதான். பட்டா அவள் பெயருக்கு மாறாது.

அந்த உறவுக்கும் எல்லை போட 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முன்வந்தது. கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஜீவனாம்ச வழக்கு அது. ஊரறியத் தம்பதி போல வாழ்ந்திருக்க வேண்டும், திருமண வயது ஆகியிருக்க வேண்டும், திருமணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக, அதாவது மணமாகாதவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு நான்கு நிபந்தனைகளை எழுதினார். கூடவே, பணம் கொடுத்து உடலுறவுக்காகவோ வேலைக்காரியாகவோ வைத்திருக்கும் பெண் இதில் வரமாட்டாள் என்று சொல்லும்போது, ‘வைப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் பயன்படுத்தினார். அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் அந்தச் சொல்லுக்கு நீதிமன்றத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். எதிர்ப்பு சொல்லோடு நிற்கக் கூடாது என்பது நம் கருத்து. 1926இன் நிபந்தனைகளையும் 2010இன் நிபந்தனைகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஊரறிய வாழ்ந்தாளா என்ற கேள்வி இரண்டிலும் உண்டு. அவள் எவ்வளவு உழைத்தாள், அந்த வீட்டுக்கு எவ்வளவு போட்டாள் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. 2013இல், பதினெட்டு ஆண்டுகள் நீடித்த ஓர் உறவில், ஆண் மணமானவன் என்று தெரிந்தே வாழ்ந்தாள் என்பதற்காகப் பெண்ணுக்குப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. இப்படிப்பட்ட உறவுகளில் பெண்களும் பிள்ளைகளும்தான் பாதிக்கப்படுகிறார்கள், நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னது. நாடாளுமன்றம் இயற்றவில்லை.

பிள்ளைகளின் நிலை மட்டும் மெல்ல முன்னேறியிருக்கிறது. கேரளக் குடும்பம் ஒன்றின் பாகப்பிரிவினை வழக்கில், நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களின் மகனுக்குப் பங்கு உண்டு என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழி, அதே பழைய திருமண அனுமானம். செல்லாத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சொத்தில் மட்டுமல்ல, பூர்வீகச் சொத்தில் பெற்றோருக்குக் கிடைத்திருக்கக்கூடிய பங்கிலும் உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் தீர்த்தார்கள். பிள்ளைக்குப் பங்கு வந்தது. பெற்று வளர்த்தவள், மகன் தயவில்.

சாதி மறுத்து இணையும் தோழர்கள் பலர் இதை வாசிப்பீர்கள் என்பதால் சிலவற்றை நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் 7ஏ இன்றும் உயிரோடு இருக்கிறது. வழக்கறிஞர் அறையில், வெளியே தெரியாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. குடும்பத்தின் மிரட்டலுக்கு அஞ்சும் இணையரிடம் பகிரங்கமாக அறிவி என்று கேட்பது அவர்கள் உயிருக்கே ஆபத்து என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றது. ஆனால் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்துகொண்டு மாலை மாற்றினால் இந்தப் பிரிவு உதவாது. அது தமிழ்நாட்டுத் திருத்தம், புதுச்சேரியிலும் உண்டு, அதோடு சரி. உரிய சடங்கு இல்லாமல் வெறும் சான்றிதழ் இந்துத் திருமணத்துக்கு ஆதாரம் ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள்.

திருமணமே வேண்டாம் என்று முடிவெடுத்து வாழ்பவர்களின் முடிவை நாம் மதிக்கிறோம். அவர்கள் சட்டத்திடம் எதையும் எதிர்பார்க்க முடியாது, எல்லாவற்றையும் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும். இருவர் காசிலும் வாங்கும் வீட்டை ஒருவர் பெயரில் பதியாதீர்கள். பினாமித் தடைச் சட்டம், கணவன் மனைவி பெயரிலும் பிள்ளை பெயரிலும் வாங்குவதற்கு விலக்குத் தருகிறது. சேர்ந்து வாழும் துணைக்கு அந்த விலக்கு இல்லை. ‘நான்தான் பணம் கொடுத்தேன்’ என்று அவள் வழக்குப் போடப் போனால் அந்த வாதமே அவளுக்கு எதிராகத் திரும்பும். கிரயப் பத்திரத்திலேயே இருவர் பெயரும், யார் எவ்வளவு போட்டார்கள் என்ற விவரமும் இருக்கட்டும். செட்டில்மென்ட் எழுதலாம், குடும்ப உறுப்பினருக்கான சலுகைக் கட்டணம் கிடைக்காது, முழு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். உயில் எழுதலாம், இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் சார்பதிவாளரிடம் பதிந்துவிடுவதே நல்லது, ஏனென்றால் எதிர்த்து நிற்கப்போவது இறந்தவரின் அண்ணன் தம்பிகள். நிலம் பஞ்சமி நிலமாக இருந்து துணை தலித் அல்லாதவராக இருந்தால், ஒப்படைப்பு நிபந்தனையைப் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள்.

இன்னொன்று பெண் தோழர்களுக்கு. பிறந்த வீட்டில் உங்கள் பங்கு, நீங்கள் யாரை மணந்தீர்கள், மணந்தீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது அல்ல. சாதி மறுத்துப் போன பெண்ணைக் காவல் நிலையத்தில் உட்காரவைத்து, ‘இனி எங்களுக்கும் உனக்கும் சம்பந்தம் இல்லை’ என்று எழுதி வாங்கும்போது, கூடவே ஒரு விடுதலைப் பத்திரத்தையும் நீட்டுகிறார்கள். கோபத்திலோ மானத்துக்கு அஞ்சியோ ‘உங்க சொத்து எனக்கு எதுக்கு’ என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் நம் பெண்கள். போடாதீர்கள். 1923இல் சட்டம் செய்த வேலையை இன்று அந்தப் பத்திரம் செய்கிறது.

உத்தராகண்டில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டம், சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் சிறை என்கிறது. இருபத்தொரு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோருக்குத் தகவல் போகும். சாதியையும் மதத்தையும் மீறி ஓடிவந்த இணையருக்கு அதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை. கைவிடப்பட்ட பெண் அந்தச் சட்டத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். சேர்ந்து சம்பாதித்த சொத்தில் பங்கு அதிலும் இல்லை.

தமிழ்நாட்டில் நாம் கேட்க வேண்டியது வேறு. 7ஏ பிரிவு ‘இரு இந்துக்களுக்கு’ இடையில் மட்டும் பொருந்துகிறது. பௌத்தம் தழுவிய நம்மவர்களைச் சட்டம் இந்து என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கிக்கொள்கிறது, அது தனி அவமானம். கிறிஸ்தவத் தலித் பெண்ணும் இந்துத் தலித் ஆணும், ஒரே தெருவில் பிறந்தவர்களாக இருந்தாலும், மாலை மாற்றி இந்தப் பிரிவின் கீழ் இணைய முடியாது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் முப்பது நாள் நோட்டீசைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த ‘இந்து’ என்ற சொல் எடுக்கப்பட வேண்டும். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் இருவர் உழைப்பில் சேர்ந்த சொத்தில், காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருவருக்கும் பங்கு என்று தனியாக எழுதப்பட வேண்டும். திருமணமும் வாரிசுரிமையும் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறலாம். 1967 நவம்பரில் நிறைவேறிய திருத்தத்துக்கு 1968 ஜனவரியில் ஒப்புதல் வந்துவிட்டது.